தபாலில் போன கால்

லுவீனியா டேட் கிளீவ்லாந்து மண்ணை மிதிப்பதற்கு முன்பே அந்த ஊரில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. தோணிக்காலி. அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத பதினோரு பேர் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருமனதாக வைத்த பெயர் அது. பின்னாளில் அதே ஊரில் முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினாள். பிரேக்கில் வைக்கிற கால் என்னவோ சாதாரணக் கால்தான். ஆனாலும் பழைய ஆட்கள் யாராவது ஏறினால், முதலில் குனிந்து அவள் காலைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

இந்தக் கதை முழுக்கக் காலைப் பற்றியதுதான். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது, ஆகஸ்டு மாதம். அலபாமாவில் பெல்ஸ்பிரிங் என்கிற சிற்றூர். வீட்டில் வீனி என்று கூப்பிடப்பட்ட நம் லுவீனியாவுக்கு எட்டே முக்கால் வயது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஷூ வாங்க வேண்டும். எங்கள் கறுப்பு ஜனம் அந்த ஊரில் ஷூ வாங்குகிற விதமே தனி. பிள்ளையைப் பழுப்புப் பேப்பரின் மேல் நிறுத்தி, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டு, வளர்கிற காலுக்கென்று ஒரு கட்டைவிரல் அகலம் கூட்டிக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். கடையில் ஷூவுக்குள் போய்ப் பார்க்கிற உரிமை அந்தப் பேப்பர் காலுக்குத்தான். கறுப்புப் பிள்ளையின் கால் ஒருதரம் உள்ளே போய்விட்டால், அப்புறம் அந்த ஷூவை வெள்ளைக்காரர் யாரும் தொட மாட்டார். பழுப்புப் பேப்பரை விட்டார்கள், பழுப்புக் காலை விடவில்லை. இதை ஒரு சட்டமாக எவனும் எழுதி வைத்ததில்லை. எழுதாமலே ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

வீனியைக் கூட்டிக்கொண்டு போனவர் அவள் அப்பா ஹோஸியா. மர அறுவை மில்லில் வேலை. தச்சன் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பதுபோல், வார்த்தையைத் தேவைக்கு ஒன்றாக எடுக்கிற மனிதர். கடைக்காரர் பில்கிரீன், பேப்பர் காலை ஒரு ஷூவுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, வேறு எடுத்துவர உள்ளே போனார். மேசைமேல் இன்னொரு ஜோடி இருந்தது. கறுப்பு, பளபளவென்று, குறுக்கே ஒரு வார், வாருக்கு முத்துப் பொத்தான். வீனி அதைப் பார்த்தாள். அது வீனியைப் பார்த்தது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் தானாகவே உள்ளே போய்விட்டது என்றுதான் அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள். ஒரு கால் போனால் மற்றது சும்மா இருக்குமா? இரண்டும் உள்ளே போனதும் உடம்பு தானாகச் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பாவாடை குடை மாதிரி விரிந்தது. மூன்றாவது சுற்றில்தான் வாசலில் நின்ற வெள்ளைக்கார அம்மாளும் அவள் மகளும் கண்ணில் பட்டார்கள்.

"அம்மா, நான் கேட்ட ஷூ அதுதான்," என்றது அந்தப் பிள்ளை.

"இனிமே அது நமக்கு வேண்டாம், கண்ணு," என்று சொல்லி அம்மாள் மகளை வெளியே நடத்திக்கொண்டு போனாள்.

பில்கிரீன் வந்தார், பார்த்தார். "கழட்டுடி," என்று வீனியின் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. வீனி தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு கால விடுங்க," என்றார் ஹோஸியா.

அவர் சொன்னது இவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை குறைந்தது. பில்கிரீனுக்கு அது உடனே உறைத்தது.

"டேய், இப்ப சொன்னியே, அத 'ஐயா' சேத்து இன்னொரு தடவ சொல்லு."

ஹோஸியா காசை மேசையில் வைத்தார், ஷூவை எடுத்துக்கொண்டார், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த ஷூ வீனிக்குச் சேரவுமில்லை. அரை விரல் சின்னது.

மறுநாள் காலை மில்லில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. மத்தியானம் நாலு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்த கார் ஒன்று அவர்கள் வீட்டைத் தாண்டி மெதுவாகப் போனது, திரும்பி இன்னும் மெதுவாக வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வீடும் மில்லுக்குச் சொந்தமானது. ஆக, வேலை போனது, வீடு போனது, இனி உயிர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் மிஞ்ச வேண்டுமானால் அவர் ஊரைவிட்டுப் போயாக வேண்டும்.

வீனியின் அம்மா ஆர்டீலியா, பயத்தை எடுத்துக் கோபமாக மாற்றுவதில் கைதேர்ந்தவள். புருஷனின் இரண்டு சட்டையை மடித்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஐயா. வாயில ஒரே ஒரு ஐயா வராமப் போச்சா உங்களுக்கு? ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்ற வார்த்தைதானே அது."

"நூறு தடவ சொல்றதாலதான் நூத்தியொண்ணாவது வரல."

"இப்ப நான் பிள்ளைய எங்க கொண்டுபோய்ப் படுக்கவைக்க? போங்க. எங்கயாவது போய் நல்லா இருங்க. எனக்கு ஒரு கடுதாசியும் போட வேண்டாம்."

பயத்தில் வந்த பேச்சு அது. வேறு ஆளாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பியதும் மறந்திருப்பான். ஹோஸியாவோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர். தலையை ஆட்டினார்.

அவர் ஊரைவிட்டுப் போன விதத்தைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், சிரித்துச் சிரித்து. எங்கள் பிண வண்டிக்காரர் லூஷியஸ், அவரைத் தம் வண்டியில் பின்னால் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடினார்.

"பொணம் தும்மாது, தம்பி. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க," என்றார்.

பட்டப்பகலில் வண்டி ஊர்த்தெருவில் போனது. பாலத்தடியில் காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரன், சவ ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். பெல்ஸ்பிரிங்கில் ஹோஸியா டேட்டுக்கு யாராவது தொப்பி கழற்றியது அந்த ஒரே ஒரு தடவைதான். பாலம் தாண்டி அரை மைல் போனதும் பிணம் பதினேழு தும்மல் தும்மியதாம்.

ஆர்டீலியாவும் வீனியும் பெரியம்மா ரொஸீனா வீட்டுக்கு ஒண்டக் குடிபோனார்கள். ஒரு கட்டிலில் நாலு பேர், தலைக்குக் கால் காலுக்குத் தலை. ஆர்டீலியா வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தத் துணிகளில் பில்கிரீனின் சட்டைகளும் வந்து சேர்ந்தன. ஆர்டீலியா அவர் சட்டைக் கழுத்துக்கு மட்டும் கஞ்சியை இரண்டு மடங்காகப் போட்டாள். அந்த வருஷம் முழுக்கப் பில்கிரீன் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஷூ விற்றார்.

வடக்கே கிளீவ்லாந்திலிருந்து கடிதங்கள் வந்தன. ஹோஸியாவுக்கு அங்கே இரும்பாலையில் வேலை கிடைத்திருந்தது. எல்லாக் கடிதத்தின் மேலும் ஒரே விலாசம்: மிஸ் லுவீனியா டேட். கறுப்பர் பெயருக்கு மரியாதை எதற்கு என்று, தபால் கவுன்ட்டரில் இருந்தவன் அந்த 'மிஸ்' மேல் ஒவ்வொரு தடவையும் பென்சிலால் கோடு கிழித்துவிட்டுத்தான் கொடுப்பான். உள்ளே குளிரைப் பற்றி எழுதியிருக்கும், ஏரியைப் பற்றி எழுதியிருக்கும், அவர் தங்கியிருந்த விடுதிக்காரம்மா மிஸ் வெல்வா சுடுகிற சோள ரொட்டியைப் பற்றிக்கூட எழுதியிருக்கும். ஆர்டீலியா என்கிற பெயர் மட்டும் இருக்காது. கடிதம் போட வேண்டாம் என்றாள், அவரும் போடவில்லை.

"என்ன எழுதியிருக்காரு உங்கப்பா?" என்று அம்மா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக் கேட்பாள்.

"உன்னைப் பத்தி ஒண்ணுமில்லம்மா."

"நான் கேட்டேனா?"

வீனிக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன் கால் ஷூவுக்குள் போகாமலிருந்தால் அப்பா வாய் திறந்திருக்க மாட்டார். அப்பா வாய் திறக்காமலிருந்தால் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். ஆக, குடும்பத்தைப் பிரித்தது தன் கால்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. உட்காரும்போதெல்லாம் இரண்டு கால்களையும் தனக்கடியில் மடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள், தண்டனையாக. அழுத்தி அழுத்திக் கால் மரத்துப்போய், எழும்போது தடுமாறி விழுந்து, பெரியம்மாவின் பிள்ளைகளைச் சிரிக்கவைத்ததுதான் மிச்சம்.

மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. ஈஸ்டருக்கு வெள்ளை ஷூ வாங்கி அனுப்புகிறேன், காலை வரைந்து அனுப்பு என்று அப்பா எழுதியிருந்தார். ஈஸ்டர் ஞாயிறன்று புது ஷூ இல்லாமல் சர்ச்சுக்குப் போகிற பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் என்ன சொல்லும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீனி தலைகால் புரியாமல் குதித்தாள். அம்மா பழுப்புப் பேப்பரைத் தூக்கிப் போட்டாள்.

"உன் கால்தானே கேட்டாரு, நீயே வரஞ்சுக்க," என்றாள். சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்த வேகத்தில் மேசை ஆடியது.

அப்போதுதான் வீனிக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவின் காலை வரைந்து, தன் கால் என்று அனுப்பிவிட்டால்? அம்மா கால் என்று சொன்னால் அப்பா வாங்கமாட்டார், ரோஷக்காரர். தன் கால் என்றால் யோசிக்காமல் வாங்குவார். ஷூ வரும். அது அம்மாவைத் தவிர யாருக்கும் சேராது. அம்மா போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டால் ஒரு நன்றி எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் அப்பா பதில் போட்டுத்தான் ஆக வேண்டும். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது? ஒரே ஒரு இடத்தில் இருந்தது. வீனிக்கு இந்த ஈஸ்டரில் வெள்ளை ஷூ கிடையாது. கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்சநேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பென்சிலைச் சீவினாள்.

ஆர்டீலியா வெறுங்காலோடு நின்றுதான் துணி தேய்ப்பாள், மணிக்கணக்கில், நகராமல். வீனி மேசைக்கடியில் புகுந்தாள்.

"அம்மா, கால லேசாத் தூக்கு, கீழ ஏதோ கெடக்கு."

அம்மா தூக்கினாள், பேப்பர் உள்ளே போனது. பென்சில் சுண்டுவிரலைத் தாண்டி உள்ளங்காலின் ஓரம் வந்தபோது ஆர்டீலியாவுக்குக் கூசியது. நெளிந்தாள், சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

"ஏய் குட்டி, என்னடி பண்ற கீழ?"

"எலி வெளையாட்டும்மா."

"எலிய மிதிச்சிருவேன், வெளிய வா."

அகலக் கால், பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், பெருவிரல் மூட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு, எல்லாம் பேப்பரில் அச்சாக வந்தன. பழக்க தோஷத்தில் வீனி ஒரு கட்டைவிரல் அகலம் கூட்டவும் செய்தாள். வெட்டி, மடித்து, உறைக்குள் போட்டு ஒட்டினாள். அப்பா இதை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அப்பா நம்பிவிட்டார்.

விடுதியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். ஹோஸியா உறையைப் பிரித்தார், பேப்பரை விரித்தார், கரண்டி கையிலிருந்து விழுந்தது. மிஸ் வெல்வா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேப்பர் மேசையைச் சுற்றிக் கைமாறியது.

"பிள்ளைக்கு என்ன வயசுன்னீங்க?"

"ஒம்போது."

"அண்ணே, இது காலில்ல, தோணி. இதுல நாலு பேரு மீன் பிடிக்கப் போலாம்," என்றாள் மிஸ் வெல்வா.

"சிரிக்காதீங்க. நான் கிளம்பும்போது இந்தக் கால் என் உள்ளங்கைக்குள்ள அடங்கும்," என்றார் ஹோஸியா. ஏழு மாதத்தில் மகள் இப்படி வளர்ந்துவிட்டாள், தான் பார்க்கவில்லை என்பதுதான் அவரை அறுத்தது. காலில் நீர் கோத்து வீங்கியிருக்கும் என்றார் ஒருவர். சனிக்கிழமைவரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விடுதி மொத்தமும் தோணிக்காலிக்காக ஜெபம் செய்தது, இடையிடையே சிரித்துக்கொண்டு.

சனிக்கிழமை ஷூ வாங்கக் கிளம்பினார். வடக்கு என்றால் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் கடையில் கடைக்காரன், அளவைப் பார்க்காமலே, "உங்க அளவு இல்ல," என்றான். இரண்டாவது கடையில் கதவோரம் நின்றவன் நகரவே இல்லை, அவனே கதவாகிவிட்டான். மூன்றாவது, சாபோ என்கிற ஹங்கேரிக்காரரின் கடை. வழுக்கைத் தலை, கழுத்தில் அளவு நாடா, பேச்சில் சொந்த ஊர் வாடை இன்னும் போகவில்லை.

"வாங்க சார், என்ன வேணும்?" என்றார்.

ஹோஸியாவுக்கு வந்த காரியம் மறந்துபோனது. சார் என்று யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. பிறகு பேப்பரை நீட்டினார்.

"என் மக கால். ஒம்போது வயசு."

சாபோ கண்ணாடியை மாட்டினார், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "சார், நான் முப்பத்தாறு வருஷமா கால் பாக்கிறேன். இது பிள்ளை பெத்த கால். இந்தப் புடைப்பு பாருங்க. பத்து வருஷம் நின்னு வேலை செஞ்சாத்தான் இப்படி வரும்."

ஹோஸியா பேப்பரைத் திருப்பி வாங்கினார். நீண்ட இரண்டாம் விரல். பட்டாணிப் புடைப்பு. கல்யாணமான நாளிலிருந்து தன் மடியில் போட்டு அமுக்கிவிட்ட கால். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது சரி, எதுக்கு பேப்பர்?" சாபோவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "பேப்பர் எங்க கடிக்குதுன்னு சொல்லுமா? ஆளக் கூட்டிட்டு வாங்க சார்."

பெல்ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் வந்தது. விலாசத்தில் மிஸஸ் ஆர்டீலியா டேட் என்று இருந்தது. தபால்காரன் மிஸஸை அடித்திருந்தான். உள்ளே இரண்டு ரயில் சீட்டு, ஒரே ஒரு வரி: "கடைக்காரர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்."

ஆர்டீலியா மூன்று தரம் படித்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். வீனிக்கு முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாது.

"எலி வெளையாட்டா?" என்று காதைப் பிடித்தாள். பிடித்தாளே தவிரத் திருகவில்லை.

ஆனால் வீறாப்பு விட்டதா? "பிள்ளைக்கு ஷூ மாட்டிவிட்டுட்டுத் திங்கட்கிழமை ரயில்ல திரும்பிருவேன். இஸ்திரி மேசைய மடிச்சிராத," என்று அக்கா ரொஸீனாவிடம் சொன்னாள். ஒரே ஒரு பை எடுத்துக்கொண்டாள். அதற்குள் இருந்த துணிகளை வீனி எண்ணிப் பார்த்தாள். மூன்று நாளுக்குத்தான் இருந்தன. ஒன்பது வயது மூளை போட்ட திட்டம் பாதி வழி வந்துவிட்டது, மீதிப் பாதிக்கு அவளிடம் திட்டமில்லை.

ரயிலில், கறுப்பர்களுக்கென்று எஞ்சினை ஒட்டி மாட்டிய பெட்டியில், கரியைத் தின்றுகொண்டு போனார்கள். வடக்கு ஆரம்பிக்கிற சின்சினாட்டியில் ரயில் மாறியதும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். வீனி ஆறு இடம் மாறி உட்கார்ந்து பார்த்தாள். அம்மா ஏறிய இடத்திலேயே, மடியில் பையை இறுக்கிக்கொண்டு, எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

கிளீவ்லாந்து நிலையத்தில் ஹோஸியா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாபோ சொன்ன பிறகும், மகளைக் கண்டதும் அவர் செய்த முதல் காரியம், நட்ட நடுப் பிளாட்பாரத்தில் மண்டியிட்டு அவள் காலைப் பார்த்தது. ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வீனி, பிரயாணம் எப்படி இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட கேளு."

"வீனி, திங்கட்கிழமை ரயில் எத்தன மணிக்குன்னு உங்கப்பாகிட்ட கேளு."

வீனி நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் கண்ட பலன். விடுதியில் பதினோரு பேரும் வாசலில் காத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்தார்கள்.

"அட, இவ்வளவுதானா?" என்றாள் மிஸ் வெல்வா. ஜெபம் பலித்துவிட்டது என்று ஒருவர் சொன்னதற்கு ரொட்டித் துணியால் அவரை ஒரு அடி அடித்தாள்.

சனிக்கிழமை சாபோ கடை. மறுநாள் ஈஸ்டர். வீனியை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, சாபோ அவள் முன்னால் மண்டியிட்டு, கணுக்காலை நோக்கிக் கையை நீட்டினார். வீனி வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஹோஸியா ஓரடி முன்னால் வந்தார். சாபோ அவரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, கையைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"அவசரமில்ல பாப்பா. நீயா நீட்டு. நான் இங்கயே இருக்கேன்."

இருந்தார். வழுக்கைத் தலையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அதைக்கூட விரட்டாமல் இருந்தார். ஈ நடந்து நெற்றிக்கு வந்தபோது வீனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். அளவுப் பலகை ஜில்லென்று இருந்தது. வெள்ளை ஷூ, முதல் ஜோடியே அளவாகப் போய் உட்கார்ந்தது. கடைக்குள் எத்தனை சுற்று சுற்றினாள் என்று எண்ணவில்லை. யாரும் வந்து இழுக்கவில்லை.

ஆர்டீலியா அதுவரை கதவோரம் பையோடு நின்றாள். சாபோ அவள் பக்கம் திரும்பினார்.

"வாங்கம்மா. உங்க கால எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"வாங்கச் சொல்லல. போட்டுப் பாருங்க."

முப்பத்தொரு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆர்டீலியா டேட் ஒரு ஷூக்கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் ஜோடி சாம்பல் நிறம். போட்டாள், நாலடி நடந்தாள், கண்ணாடியில் பார்த்தாள். "கொஞ்சம் கடிக்குது," என்றாள். வேறு வந்தது. "இது தொளதொளங்குது." வேறு வந்தது. "நெறம் சரியில்ல." சொல்லச் சொல்ல அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது, கன்னம் பளபளத்தது. பச்சை ஷூ போட்டாள், குதிகால் உயர்ந்த சிவப்பு ஷூ போட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொக்கு நடை நடந்தாள், மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ் போட்டாள், ஆண்கள் ஷூ ஒன்றைக் காட்டி அதையும் கொண்டு வரச் சொன்னாள். பெட்டிகள் அவள் இடுப்புயரம் அடுக்கிக்கொண்டே போயின. சாபோ ஏணியில் ஏறி இறங்கி வியர்த்தார். ஹோஸியாவுக்கு அதைவிட வியர்த்தது. வீனி எண்ணிக்கொண்டிருந்தாள், இருபத்தாறு ஜோடி.

இருபத்தாறாவதைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"எதுவும் வேண்டாம்."

"ரொம்ப நன்றிம்மா," என்றார் சாபோ, மூச்சு வாங்க.

ஆர்டீலியா கதவுவரை போனாள், நின்றாள். "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்குத் திறப்பீங்க?"

வீனி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஞாயிறு, திங்கள். சனிக்கிழமை திங்களுக்குப் பிறகுதான் வரும். இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்தாள், அப்போதும் பிறகுதான் வந்தது. அப்பாவும் அதே கணக்கில்தான் நின்றுகொண்டிருந்தார். தொப்பியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"வீனி," என்றார். "உங்கம்மாகிட்ட கேளு..."

"ஏன், என்னை நேராக் கேக்க வாய் இல்லையா?" என்றாள் ஆர்டீலியா.

ஹோஸியா வாயிலிருந்து ஒரு வார்த்தை ஆணியைத் தேடி எடுத்தார்.

"இருந்துர்றியா, டீலியா?"

ஆர்டீலியா திரும்பிக் கடையின் அலமாரிகளைக் கூரைவரை ஒருமுறை பார்த்தாள்.

"இருந்துதானே ஆகணும். இன்னும் பாதிக் கடை போட்டுப் பாக்கல."